பொய்ச்சான்று சொல்லாத நிலா

பழங்காலக் கட்டடம் ஒன்றின் பின்னே முழுநிலவு எழுந்து வரும் காட்சியைப் புகைப்படமாகக் காணாதவர் இன்று அரியர். நாள்காட்டிகளிலும் இதழ்களின் அட்டைகளிலும் கைப்பேசித் திரைகளிலும் அது இடையறாது வந்துகொண்டிருக்கிறது. இவ்வகைப் படங்களுள் பெரும் புகழ் வாய்ந்தது, கிரேக்க நாட்டின் தலைநகராகிய ஏதென்சில், அக்ரோபொலிஸ் குன்றின் உச்சியில் நிற்கும் பார்த்தெனான் கோவிலுக்குப் பின்னால் எழும் நிலா. சிதைந்த சலவைக்கல் தூண்களுக்குப் பின்னே செம்பொன் வட்டமாய் அது ஏறிவருவதைக் கண்டு, "என்ன அழகு!" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆயினும் அப்படம் எவ்வாறு கிடைக்கிறது என்று ஆராயப் புகுந்தால், அழகோடு வேறொன்றும் அதனுள் பொதிந்திருப்பது புலப்படும். அதனைச் சாட்சியம் எனலாம்.

முழுநிலவைப் படம் பிடிக்க முயன்ற எவருக்கும் முதலில் கிடைப்பது ஏமாற்றமே. கண்ணுக்குக் கோபுரத்தளவு தோன்றிய நிலா, படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாகச் சிறுத்துவிடும். அடிவானத்து நிலா உச்சிவானத்து நிலாவைக் காட்டிலும் பெரிதாகத் தெரிவது நம் மனத்தின் மயக்கம். கேமராவுக்கு அம்மயக்கம் இல்லை. நிலா எங்கே நின்றாலும் அதன் அகலம் சுமார் அரைப் பாகைதான். நீட்டிய கையின் சுண்டுவிரல் நுனி அதை முழுவதும் மறைத்துவிடும்.

அங்ஙனமாயின் படங்களில் நிலா அத்துணைப் பெரிதாக நிற்பது எங்ஙனம்? விடை எளியது: படம் எடுப்பவர் கட்டடத்தை விட்டு விலகிச் செல்கிறார். நிலவின் விட்டம் ஏறத்தாழ 3,475 கிலோமீட்டர். அது நமக்கு அப்பால் இருக்கும் தொலைவு சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். அதாவது, தன் அகலத்தைப் போல் சுமார் 110 மடங்கு தொலைவில் நிலா இருக்கிறது. ஆகவே எப்பொருளையும் அதன் அளவைப் போல் 110 மடங்கு தொலைவில் நின்று நோக்கினால், அது நிலவின் அளவாகத் தோன்றும். பார்த்தெனானின் முகப்பு அகலம் ஏறத்தாழ 31 மீட்டர். அம்முகப்பு முழுவதையும் நிலா வட்டம் நிறைக்க வேண்டுமாயின், மூன்றரைக் கிலோமீட்டர் அப்பால் சென்று, நீண்ட லென்சைப் பொருத்தி நிற்க வேண்டும். அருகில் நிற்பவனுக்குக் கட்டடம் பெரிது, நிலா சிறிது. விலகி நிற்கத் துணிந்தவனுக்கே இரண்டும் தத்தம் உண்மையான அளவில் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

இடத்தை அடுத்துக் காலம். முழுநிலவு என்பது கதிரவனுக்கு நேர் எதிரே நிற்கும் நிலா. ஆதலால் கதிரவன் மறையும் வேளையை ஒட்டியே அது எழுகிறது. நிலவின் முகத்தில் விழுவது நண்பகல் வெயில். அதன் மேடுபள்ளங்கள் படத்தில் துலங்க ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கே போதும். இருண்ட கட்டடத்துக்கோ பல வினாடிகள் தேவை. இரண்டும் ஒரே படத்தில் ஒத்துவருவது, மாலை வெளிச்சம் கல்லின்மேல் இன்னும் தங்கியிருக்கும் சில நிமிடங்களில் மட்டுமே. நிலா நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி எழுவதால், தேர்ந்த படப்பிடிப்பாளர் பலர் முழுநிலவுக்கு முந்திய மாலையைத் தெரிந்துகொள்வர். நிலா தன் அகலத்தைத் தானே கடந்து செல்ல இரண்டு நிமிடங்களே ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் மேகம் வந்தால், அடுத்த மாதம் அதே இடத்தில் நிலா எழாது.

ஏனெனில் நிலா எழும் திசையும் ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டே இருக்கிறது. வடகோளத்தில் கோடைக்கால முழுநிலவு தென்கிழக்கிலும், குளிர்கால முழுநிலவு வடகிழக்கிலும் எழும். இரவும் பகலும் சமமாகும் மார்ச்சு, செப்டம்பர் மாதங்களை ஒட்டிய முழுநிலவே ஏறத்தாழ நேர்கிழக்கில் எழும். போதாக்குறைக்கு, நிலவின் பாதை கதிரவனின் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்தது, அச்சாய்வும் 18.6 ஆண்டுகளில் ஒருமுறை சுற்றிவருகிறது. அவ்வெல்லைகள் மிக விரிந்திருந்த காலம் 2024-25. ஆகவே பார்த்தெனானுக்குப் பின்னால் நிலா வேண்டும் என்பவர், எந்த மாதத்தில் எந்தச் சரிவில் நிற்பது என்று கணக்கிட்டே ஆகவேண்டும். நிலா அவருடைய வசதிக்கு வருவதில்லை. அவரே அதன் கணக்கிற்குள் வந்து நிற்க வேண்டும்.

இந்தக் கணக்கின் வரலாறுதான் நம் சிந்தனைக்கு உரியது.

அக்ரோபொலிசுக்கு மேற்கே அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேலாக, பினிக்ஸ் என்னும் தாழ்ந்த குன்று உள்ளது. ஏதென்சின் குடிமக்கள் கூடிச் சட்டங்கள் இயற்றிய வெளி அது. அங்கிருந்து நோக்கினால் பார்த்தெனான் ஏறத்தாழ நேர்கிழக்கில் நிற்கிறது. அத்தொலைவில் முழுநிலவு, பத்து மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்த அதன் தூண்களில் பாதி உயரத்துக்கு அமையும். அந்தக் குன்றில்தான், கி.மு. 432-ஆம் ஆண்டில், மெத்தோன் என்னும் ஏதென்சு நகர வானியலார், கதிரவனின் நிழலை அளக்கும் கருவி ஒன்றை நிறுவினார் எனப் பழைய உரைக்குறிப்பு ஒன்று கூறுகிறது. ஆண்டின் மிக நீண்ட பகல் எந்நாள் என்பதை அவரும் அவருடைய தோழர் யூக்தெமோனும் அவ்வாண்டில் கண்டறிந்தனர்.

அதே கி.மு. 432-இல்தான் பார்த்தெனானின் சிற்பவேலை நிறைவுற்றது. பெரிக்கிளிசின் தலைமையில், இக்தினோஸ், கல்லிக்ராத்தெஸ் ஆகிய கட்டடக் கலைஞரும் சிற்பி பிதியாசும் கி.மு. 447-இல் தொடங்கிய பணி அது. கிழக்கு முகப்பின் முக்கோணத்தில் அதேனா தேவதையின் பிறப்பைச் செதுக்கினர். அதன் ஒரு மூலையில் கதிரவக் கடவுளின் தேர் கடலினின்று எழுகிறது. மறு மூலையில் நிலவுத் தேவதை செலினேயின் தேர், களைத்த குதிரைகளுடன் அமிழ்கிறது. கதிரவன் எழ நிலா மறைவது முழுநிலவு நாளின் விடியலில் நாம் காணும் காட்சியன்றோ?

ஒரு குன்றில் நிலவைக் கல்லில் வடித்தார்கள். எதிர்க் குன்றில் ஒரு மனிதர் வானத்தை எண்ணிக்கொண்டிருந்தார். மெத்தோனின் பெயரால் வழங்கும் கணக்கு இது: 19 ஆண்டுகள் என்பன 235 நிலாமாதங்கள். அதாவது, இன்று ஒரு தேதியில் முழுநிலவு தோன்றினால், 19 ஆண்டு கழித்து அதே தேதியில் அல்லது அதை ஒட்டி மீண்டும் முழுநிலவு தோன்றும். இரு கால அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு மணி நேரம் மட்டுமே. பாபிலோனியரும் இச்சுழற்சியை அறிந்திருந்தனர். தொலைநோக்கி இல்லாத காலத்தில், தலைமுறைகளின் பொறுமையால் மட்டுமே கிடைக்கக்கூடிய அறிவு இது.

அப்பொறுமைக்கு ஊர் அளித்த பரிசோ கேலி. அரிஸ்டோபனிஸ் கி.மு. 414-இல் அரங்கேற்றிய 'பறவைகள்' நாடகத்தில் மெத்தோன் நகைப்புக்குரிய பாத்திரமாக வந்து அடிபட்டு ஓடுகிறார். பெரிக்கிளிசின் நண்பரான அனக்சகோரஸ், நிலா கதிரவனின் ஒளியையே பிரதிபலிக்கிறது என்றும், பூமியின் நிழலே நிலவு மறைப்புக்குக் காரணம் என்றும் உண்மையை உரைத்தார். இறைப்பழிப்புக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி ஏதென்சை விட்டே வெளியேறினார். நிலவைப் பற்றி உண்மை சொல்வது அந்நகரில் எளிதாக இருந்ததில்லை.

இனி, இக்கணக்கு நம் வழிபாட்டுக்குள் நுழைந்த விதத்தைக் காண்போம். ஆண்டவரின் உயிர்ப்புப் பெருவிழா, இளவேனில் சமஇராப்பகல் நாளை அடுத்த முழுநிலவுக்குப் பின்வரும் ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது என்பது நாம் அறிந்ததே. அப்பெருவிழாவை எல்லாத் திருச்சபைகளும் ஒரே நாளில் கொண்டாட வேண்டுமென 325-இல் கூடிய நிசேயாப் பொதுச்சங்கம் விழைந்தது. முழுநிலவு எந்நாள் என்பதை முன்கூட்டியே அறிய அலெக்சாந்திரியத் திருச்சபையினர் கையாண்டது அந்த 19 ஆண்டுச் சுழற்சியைத்தான். 525-இல் உரோமையில் வாழ்ந்த துறவி தியோனீசியுஸ் எக்சிகுவுஸ் அதனைக் கொண்டே தம் பாஸ்கா அட்டவணைகளை வகுத்தார். பெரிய வெள்ளி இரவு வழிபாடு முடித்து வீடு திரும்புகையில், தென்னைக்கு மேலே பெரிய நிலா நிற்பதை நம் மக்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். அந்த நிலவு அங்கே நிற்பதற்கும் பினிக்ஸ் குன்றில் நிழலை அளந்த மனிதருக்கும் தொடர்பு உண்டு. மேலும், சமஇராப்பகலை ஒட்டி நேர்கிழக்கில் எழுவது அந்தப் பாஸ்கா நிலவே. மெத்தோன் நின்ற குன்றில் நிற்பவருக்கு, பார்த்தெனான் இருக்கும் திசையை ஒட்டி எழுந்து வருவதும் அதுவே.

ஆனால் இரண்டு மணி நேர வேறுபாடும், ஆண்டின் நீளத்தில் இருந்த சிறு பிழையும் நூற்றாண்டுகளில் திரண்டுவிட்டன. பதினாறாம் நூற்றாண்டில், அட்டவணையின் நிலா ஒரு நாளும் வானத்தின் நிலா வேறொரு நாளுமாக, மூன்று நாள்களுக்கு மேல் விலகி நின்றன. சமஇராப்பகல் நாளோ பத்து நாள் விலகியிருந்தது. திருச்சபையின் ஏட்டை நம்புவதா, வானத்தை நம்புவதா? திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி வானத்தின் சாட்சியத்தை ஏற்றார். அலோசியுஸ் லிலியுஸ் வகுத்த திட்டத்தை இயேசு சபைக் கணித அறிஞர் கிறிஸ்தோபர் கிளாவியுஸ் உள்ளிட்டோர் ஆராய்ந்து செம்மைப்படுத்த, 1582-இல் அக்டோபர் 4-ஆம் நாளுக்கு அடுத்த நாள் 15-ஆம் நாள் என்று ஆணையிடப்பட்டது. அட்டவணையைத் திருத்தினர், நிலவைத் திருத்த முயலவில்லை. ஏதென்சின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இன்றும் பழைய கணக்கின்படியே உயிர்ப்பு விழா கொண்டாடுவதால் இரு விழாக்களும் பல ஆண்டுகளில் வெவ்வேறு நாளில் வருகின்றன. நிசேயாப் பொதுச்சங்கத்தின் 1,700-ஆம் ஆண்டாகிய 2025-இல் அவை ஏப்ரல் 20 அன்று ஒன்றாகவே அமைந்தன.

நிலவைப் பற்றி இத்துணை நேர்மை காட்டிய நாம், அதன் முன்னே நிற்கும் கட்டடத்தைப் பற்றியும் நேர்மையோடு பேச வேண்டும். பார்த்தெனான் என்றதும் பெரிக்கிளிசின் காலம் மட்டுமே பலருக்கு நினைவு வருகிறது. திருத்தூதர் பவுல் உரையாற்றிய அரயோப்பாகு அக்கோவிலின் நிழலில் இருக்கும் பாறைக் குன்று என்பதையும் சிலர் அறிவர். அக்கோவிலே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கன்னி மரியாவின் ஆலயமாகத் திகழ்ந்தது என்பதை அறிந்தவர் சிலரே. பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசிலியுஸ் 1018-இல் அங்கு வந்து அன்னைக்கு நன்றி செலுத்தினார். திருப்பயணிகளும் குருக்களும் தூண்களில் கீறிவைத்த வேண்டுதல் எழுத்துகள் 200-க்கு மேல் இன்றும் உள்ளன. 1204-இல் தொடங்கிய இலத்தீன் ஆட்சியில் அது நம் வழிபாட்டுமுறையைச் சார்ந்த பேராலயமாயிற்று. ஒட்டோமானியர் வரும்வரை சுமார் இரண்டரை நூற்றாண்டு அவ்வாறே இருந்தது. பின்னர் பள்ளிவாசலாயிற்று.

இவ்வரலாற்றில் பெருமைக்குரியது உண்டு, வேதனைக்குரியதும் உண்டு. கோவிலை ஆலயமாக மாற்றியபோது, கிழக்கே பீடத்தை அமைக்க அரைவட்டச் சுவர் எழுப்பினர். அதற்காகக் கிழக்கு முகப்பின் நடுச்சிற்பங்கள் அகற்றப்பட்டன. அதேனாவின் பிறப்பு எவ்வாறு செதுக்கப்பட்டிருந்தது என்பதை இன்று எவராலும் காண இயலாமற்போனது அதனால்தான். 1687 செப்டம்பர் 26 அன்று, துருக்கியர் உள்ளே வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்த பார்த்தெனானின்மீது குண்டு வீசி அதன் நடுப்பகுதியைச் சிதறடித்தது கத்தோலிக்க வெனிஸ் குடியரசின் படை. உள்ளே இருந்த சுமார் 300 பேர் மாண்டனர். 1801 முதல் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்தனர். 1816-இல் அவை பிரித்தானிய அரசுக்கு விற்கப்பட்டன. நிலவுத் தேவதையின் உடற்பகுதி இன்று ஏதென்சின் அருங்காட்சியகத்தில் இருக்க, அவளுடைய களைத்த குதிரையின் தலை இலண்டனில் இருக்கிறது.

அதன்பின் நிகழ்ந்தது நுட்பமானது. விடுதலை பெற்ற கிரேக்க நாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்ரோபொலிசைத் 'தூய்மை' செய்தது. இடிபாடுகளுக்குள் இருந்த சிறு பள்ளிவாசல் 1840-களின் தொடக்கத்தில் அகற்றப்பட்டது. வாயில் மண்டபத்தின்மேல் நின்ற இலத்தீன் கோமகன்களின் காலத்துக் கோபுரம் 1870-களில் இடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மன்றாட்டின் சுவடுகள் பெரும்பாலும் துடைக்கப்பட, பெரிக்கிளிசின் காலத்திலிருந்து நேரே நம் காலத்துக்கு வந்தது போன்ற ஒரு குன்று நமக்குக் கிடைத்தது. படங்களில் நாம் கண்டு வியக்கும் பார்த்தெனான், ஒருவகையில் திருத்தம் செய்யப்பட்ட படமே!

இதனை நாம் இன்று எவ்வாறு அறிகிறோம்? எழுத்துச் சான்றுகளோடு, புகைப்படமும் நமக்கு உதவுகிறது. பிரான்சு நாட்டுத் தாகேரின் புகைப்பட முறை உலகுக்கு வெளியிடப்பட்டது 1839 ஆகஸ்டில். அவ்வாண்டு அக்டோபரிலேயே ஜோலி தெ லோத்பினியேர் என்பவர் அக்கருவியோடு ஏதென்சை அடைந்து பார்த்தெனானைப் படமெடுத்தார். மூலத்தகடு இன்று இல்லை. அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படம் எஞ்சியுள்ளது. அதில் அந்தச் சிறு பள்ளிவாசல் நிற்கிறது. கோபுரமும் அக்காலப் படங்கள் பலவற்றில் உயர்ந்து நிற்கிறது. பிடிக்காததை விலக்கிவிட்டுப் பிடித்ததை மட்டும் காட்டும் வழக்கம் அன்றைய படப்பிடிப்பாளருக்கு இருந்திருந்தால், அச்சான்றுகள் நமக்கு வந்து சேர்ந்திரா.

நிலா இடம்பெற்ற படத்துக்கோ இன்னும் ஒரு சிறப்பு உண்டு: தான் எடுக்கப்பட்ட நாளை அது தன்னுள்ளே எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் எர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் ஆலயத்தையும், மாலை வெயிலில் வெண்மையாய் மின்னும் கல்லறைச் சிலுவைகளையும், மேலே முழுமையை நெருங்கும் நிலவையும் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. எடுத்த தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். மலைகளின் திசையையும் நிலவின் நிலையையும் அளந்து வானியலார் கணக்கிட்டனர். முதற்கணக்கு பின்னர் திருத்தப்பட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று 1991-இல் முடிவு வெளியாயிற்று. எடுத்தவர் மறந்த நாளை நிலா மறக்கவில்லை.

நிலவுக்கு இப்பண்பு இருப்பதால்தான், படத்தில் நிலவை ஒட்டவைப்பது சிறு குற்றமாக எனக்குப் படவில்லை. இன்று கணினியில் வேறொரு நாளின் நிலவை வெட்டி, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி, வேண்டிய தூணுக்குப் பின்னால் பொருத்துவது சில நிமிட வேலை. எழவே முடியாத திசையில் எழுந்த நிலாக்கள் எத்தனையோ படங்களில் உலவுகின்றன. கற்பனை ஓவியம் என்று சொல்லிக் காட்டினால் குறையில்லை. மெய்யென்று காட்டும்போது அது பொய்ச்சான்றாகிறது. "அழகாகத்தானே இருக்கிறது, இதனால் யாருக்கு என்ன இழப்பு?" என்று கேட்பர். இழப்பு உண்டு. பொய்ப்படங்கள் பெருகும்போது மெய்ப்படத்தையும் நம்ப ஆளில்லாமற்போகிறது. குளிரிலும் இருளிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஒருவர் கொண்டுவந்த சான்றை, "இதுவும் ஒட்டியதுதானே!" என்று உலகம் ஒதுக்கிவிடும். வரலாற்றுக்கும் இதே நிலைதான். நமக்குப் பெருமை தரும் காலத்தை மட்டும் பெரிதாக்கி, நம் கை செய்த சிதைவை வெட்டி நீக்கி எழுதும் வரலாறு, ஒட்டிய நிலவைப் போன்றதே. அதில் நம் சமயத்து வரலாறும் அடங்கும். நம் பங்குகளின், நம் குடும்பங்களின் வரலாறும் அடங்கும்.

பினிக்ஸ் குன்றுக்கு வடபால் ஏதென்சின் வானாய்வுக்கூடம் நிற்கிறது, 1842-இல் நிறுவப்பட்டது. அதன் இயக்குநராயிருந்த யூலியுஸ் சிமித் என்னும் செருமானியர், நிலவின் மேடுபள்ளங்களைப் பல்லாண்டுகள் தாமே கண்டு வரைந்து, 1878-இல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமுள்ள நிலாப்படமாக வெளியிட்டார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள் அதில் உள்ளன. சலவைக்கல் பெருங்கோவில் எதிரே நிற்க, அம்மனிதர் இரவுதோறும் நிலவைப் பார்த்து, கண்டதை மட்டும் குறித்துக்கொண்டிருந்தார். மெத்தோனின் மரபு அது.

கிரேக்க அரசு ஆண்டுதோறும் ஆகஸ்டு முழுநிலவு இரவில் பல தொல்லிடங்களைக் கட்டணமின்றி மக்களுக்குத் திறந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். அவர்கள் கண்முன் நிற்கும் பார்த்தெனானில், தெற்குத் தூண் வரிசையின் நடுவே பெரிய இடைவெளி ஒன்று உண்டு. 1687-ஆம் ஆண்டின் குண்டு திறந்த வாய் அது. அவ்விடைவெளியை நிரப்பிப் படம் காட்டக் கணினியால் இயலும். நிலா அதனைச் செய்வதில்லை. நிற்கும் தூணின்மேல் விழும் அதே ஒளியை, தூண் இல்லாத இடத்திலும் அது பொழிகிறது.